அக்குபங்சர் ஊசி மூளையை என்ன செய்கிறது என்று ஆராய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் அம்மா போகும் சின்சே (சீன வைத்தியர்) கடையில் முன்பக்கம் மருந்து இழுப்பறைகள், பின்பக்கம் ஒரு திரை, திரைக்குப் பின்னால் இரண்டு கட்டில், அவ்வளவுதான். 30 வருடம் தோட்டத்தில் ரப்பர் மரத்துப் பால் வெட்டிய கை அம்மாவுடையது. இப்போது நடுராத்திரியில் வலது கை விரல்கள் மரத்துப்போய் எழுப்பிவிடும், இருட்டில் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டே இருப்பார். சின்சே அவருடைய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையில் ஓர் ஊசி, மணிக்கட்டுக்கு மேலே ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று என்று இறக்கி, மெதுவாகத் திருகிவிட்டு, "ஆடா ராசா?" (உணர்வு தெரிகிறதா) என்று மலாயில் கேட்பார். "ஆடா, ஆடா" என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டு அம்மா என் பக்கம் திரும்புவார். "உள்ளுக்குள்ள ஈயக்குண்டு வச்சாப்புல கனக்குதுடி."

நான் ஈப்போவில் ரேடியோகிராஃபர். ஊசி போடுவது என் வேலை இல்லை, எம்.ஆர்.ஐ. எடுப்பதுதான். தம்பி மகள் பயோமெடிக்கல் கடைசி வருடம் படிக்கிறாள். போன தீபாவளிக்கு வந்தவள் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அத்தை, அக்குபங்சர் போட்டா மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு என் புரொஜெக்டுக்கு எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். "எடுத்துக்கலாம்மா, ஆனா..." என்று ஆரம்பித்தேன், அந்த 'ஆனா' நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டது. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே படி படியாக எழுதுகிறேன். ஆய்வு செய்யப்போகிறவர்களுக்கு இது உதவும். வாட்ஸ்அப்பில் வரும் 'விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்' வகைச் செய்தியை நம்பலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் உதவலாம்.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

அக்குபங்சர் மூளையில் மாற்றத்தை உண்டாக்குகிறதா என்று கேட்டால் என் பதில், ஆமாம், கொசு கடித்தாலும் உண்டாகும். தோலைத் துளைத்து எதை இறக்கினாலும் நரம்பு வழியாகச் செய்தி மேலே போகும், மூளையில் எங்கேயாவது ரத்த ஓட்டம் மாறும், ஸ்கேனில் சிவப்பாக ஒரு திட்டு தெரியும். அந்தத் திட்டைக் காட்டி "பாருங்கள்" என்று சொல்வது ஆய்வே இல்லை. எதோடு ஒப்பிட்டால் அந்த மாற்றம்? இந்த ஒரு கேள்வியை நெற்றியில் ஒட்டிக்கொள்ளுங்கள், இனி வரும் எல்லாப் படியும் இதைச் சுற்றித்தான் வரும்.

உருப்படியான கேள்வி இப்படி இருக்கும்: மணிக்கட்டில் நடு நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகிறவர்களுக்கு (கார்ப்பல் டன்னல் என்பார்கள், அம்மாவுக்கு இருப்பது அதுதான்) இன்ன புள்ளியில், இன்ன ஆழத்தில், எட்டு வாரம் நிஜ ஊசி போட்டவர்களுக்கும் போலி ஊசி போட்டவர்களுக்கும் விரல்களுக்கான மூளைப் பகுதியில் வேறுபாடு வருகிறதா? யாருக்கு, எந்தப் புள்ளி, எதற்கு எதிராக, எதை அளந்து, எப்போது என்ற ஐந்தும் அதில் இருக்கிறது. ஒன்று விட்டுப்போனாலும் பின்னால் கஷ்டப்படுவீர்கள்.

கேள்வி ஆசைப்பட்டுப் பெரிதாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பிரபலமான கதை உண்டு. 1998ல் சோ சாங்-ஹீ என்ற விஞ்ஞானியின் குழு, காலின் சுண்டுவிரல் ஓரத்தில் கண் நோய்க்கு என்று சொல்லப்படும் புள்ளியில் ஊசியைத் தூண்டினால் மூளையின் பார்வைப் பகுதி ஒளிர்கிறது என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் எழுதியது. உலகமே கொண்டாடியது, பின்னே, சுண்டுவிரலில் குத்தினால் கண்ணுக்கான இடம் எரிகிறது என்றால் யார்தான் வாயைப் பிளக்க மாட்டார்கள்! 2006ல் அந்தக் கட்டுரையை அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் இன்றைக்கும் அந்தப் படத்தைக் காட்டி விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, கோயிலில் யாராவது உங்களைக் கட்டாயம் கேட்பார்கள்: "நம்ம வர்மமும் இதுவும் ஒண்ணுதானே?" வர்மப் புள்ளிகள் 108 என்பார்கள், அக்குபங்சருக்கு உலக சுகாதார நிறுவனம் இடம் வகுத்த புள்ளிகள் 361. இரண்டும் வேறு வேறு மரபு. ஒரே ஆய்வில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

படி 2: ஏற்கெனவே தெரிந்ததைப் படியுங்கள்

ஊசி எங்கே பேசுகிறது என்பதை முதலில் மனதில் வரைந்துகொள்ளுங்கள். சதையில் இருக்கும் நரம்பு முனை, அங்கிருந்து தண்டுவடம், அங்கிருந்து மூளைத்தண்டு, தாலமஸ், அப்புறம் மூளையின் மேற்பகுதி. மூளைத்தண்டில் இருந்தே வலியை அமுக்கும் கட்டளை கீழ்நோக்கி வரவும் ஒரு வழி இருக்கிறது. அபின் மாதிரி வேலை செய்யும் பொருள்களை உடம்பே அங்கே சுரக்கிறது, எண்டார்ஃபின் அந்த வகைதான்.

1977ல் மேயர், பிரைஸ், ராஃபி ஆகிய மூவரும் ஊசி போட்டுப் பல்வலியைக் குறைத்துவிட்டு, அபினை முறிக்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வலிக்குறைவு போய்விட்டது. அப்படியென்றால் உடம்பின் சொந்த அபின்தான் வேலை செய்திருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் பல வருடம் உழைத்து, ஊசியில் மின்சாரம் விடும்போது நொடிக்கு 2 துடிப்பு விட்டால் ஒரு வகைப் பொருளும் 100 துடிப்பு விட்டால் இன்னொரு வகையும் சுரக்கின்றன என்று காட்டினார். 2010ல் எலிகளில் செய்த ஒரு சோதனை, ஊசி திருகும் இடத்திலேயே அடினோசின் என்ற பொருள் கூடுகிறது, வலி குறைவதற்கு அது வேண்டும் என்றது. இந்த அடினோசினை ஞாபகத்தில் வையுங்கள், கோப்பியைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

ஸ்கேன் பக்கம் வந்தால், 2000ல் கேத்லீன் ஹூய் குழு எடுத்த ஆய்வை முழுதாகப் படியுங்கள். 13 ஆரோக்கியமான ஆட்கள், கட்டைவிரல் பக்கத்துச் சதையில் இருக்கும் ஹெகு புள்ளி, அதாவது அம்மாவுக்குப் போடும் அதே இடம். ஒளிர்வதைவிட அடங்குவதுதான் அதில் முக்கியமாகத் தெரிந்தது: பயம், உணர்ச்சி, ஞாபகம் சம்பந்தப்பட்ட அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் போன்ற ஆழமான பகுதிகளில் சிக்னல் குறைந்தது. கனம், மரமரப்பு மாதிரி உணர்ந்தவர்களுக்குத்தான் அப்படி. சுளீரென்று வலித்தவர்களுக்குக் குறையவில்லை, கூடியது. ஒரே புள்ளி, ஒரே ஊசி, உணர்வு மாறினால் மூளையின் பதிலும் மாறுகிறது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் மிகவும் சுவாரசியமான விஷயம் இதுதான்.

படி 3: போலி ஊசி (இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள்)

அம்மாவுக்கு எப்போது வலி குறைய ஆரம்பிக்கிறது என்று நான் கவனித்திருக்கிறேன். ஊசி இறங்கும்போது இல்லை. கடைக்குள் நுழைந்து, அந்த மருந்து வேர் வாசனை மூக்கில் ஏறி, சின்சே "அம்மா, துடுக், துடுக்" (உட்காருங்கள்) என்று நாற்காலியை இழுத்துப் போட்டதுமே முகம் தளர்ந்துவிடும். ஒருவர் நம் கையைப் பிடித்துக் கவனமாகப் பார்க்கிறார், அரை மணி நேரம் யாரும் எழுப்பாமல் படுத்திருக்கலாம், சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. இவை எல்லாமே மூளையில் வேலை செய்யும். 1978ல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் ஆகியோர் வெறும் பிளாசிபோவால் (மருந்தே இல்லாத போலி மருந்து) வரும் வலிக்குறைவையும் நலாக்சோன் முறிக்கிறது என்று காட்டினார்கள். 1977ன் ஆய்வோடு இதைச் சேர்த்து யோசியுங்கள்: எண்டார்ஃபின் சுரந்தது என்பது உண்மையாகவே இருக்கட்டும், சுரக்க வைத்தது ஊசியா, நம்பிக்கையா?

இதைப் பிரிக்க என்னென்ன வழி இருக்கிறது?

ஒன்றும் செய்யாத குழுவோடு ஒப்பிடுவது மலிவு, ஆனால் ஊசியும் நம்பிக்கையும் பேச்சும் ஓய்வும் ஒரே மூட்டையாக வந்துவிடும். புள்ளி இல்லாத இடத்தில் ஊசி போடுவது அடுத்த வழி. அதிலும் ஊசி ஊசிதான், தோலைத் துளைக்கிறது, நரம்பைத் தூண்டுகிறது, அதைச் சும்மா என்று சொல்ல முடியாது. 1998ல் ஸ்ட்ரெயிட்பெர்கர் ஒரு ஊசியைக் கொண்டுவந்தார், பள்ளி நாடகத்தில் குத்தும் கத்தி மாதிரி: முனை மழுங்கல், அழுத்தினால் ஊசி கைப்பிடிக்குள் போய்விடும், பார்க்கிறவருக்கு உள்ளே இறங்கின மாதிரி இருக்கும், ஒரு சின்ன வளையமும் பிளாஸ்திரியும் அதை நிமிர்த்திப் பிடிக்கும். இன்றைக்கு நல்ல ஆய்வுகளில் பெரும்பாலும் இந்த மாதிரி ஊசிதான். அதுவும் தோலைத் தொடுகிறது, ஆக முழுச் சூன்யம் இல்லை, ஆனால் இருப்பதில் உருப்படி இதுதான்.

போலிக்கும் எவ்வளவு பலம் என்று தெரிந்துகொள்ள ஜெர்மனியின் 2007 முதுகுவலி ஆய்வைப் பாருங்கள். 1,162 பேர். ஆறு மாதம் கழித்து முன்னேற்றம் கண்டவர்கள்: நிஜ அக்குபங்சரில் 47.6 சதவீதம், போலியில் 44.2, வழக்கமான மருத்துவத்தில் 27.4. சின்சேக்கு ஆதரவானவர் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் எடுத்துக்கொள்வார், எதிர்ப்பவர் முதல் இரண்டை எடுத்துக்கொள்வார். மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அப்படியென்றால் மூளையைப் பார்த்து என்ன பயன் என்று தம்பி மகள் கேட்டாள். வலி எவ்வளவு குறைந்தது என்று ஆளைக் கேட்டால் இரண்டு குழுவும் ஒன்று போலத் தெரிகிற இடத்தில், உள்ளே வழி வேறாக இருக்கலாம், அதைப் பார்க்கத்தான் மூளை ஆய்வு. 2005ல் பரியான்ட் குழு மூட்டுத் தேய்மானம் உள்ள 14 பேருக்கு நிஜ ஊசி, போலி ஊசி, 'இது சும்மா' என்று சொல்லியே போட்ட குத்தல் என மூன்றையும் கொடுத்தது. நம்பிக்கை இருந்த இரண்டிலும் மூளையின் முன்பகுதியும் நடுமூளையும் வேலை செய்தன. நிஜ ஊசியில் மட்டும் அதற்கு மேல் இன்சுலா என்ற பகுதி கூடுதலாக ஒளிர்ந்தது. 2009ல் ஹாரிஸ் குழு, உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 20 பெண்களைப் பெட் ஸ்கேனில் (மூளையின் ரசாயனத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்த்தபோது வலி இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்திருந்தது, ஆனால் அபின் வகைப் பொருள் போய் உட்காரும் ஏற்பிகளில் வந்த மாற்றம் இரண்டுக்கும் ஒன்றாக இல்லை.

2017ல் வந்த மேடா, நாபடோ குழுவின் ஆய்வு அம்மாவின் கையைப் பற்றியதே. கார்ப்பல் டன்னல் உள்ள 80 பேர், எட்டு வாரத்தில் 16 முறை. கேள்வித்தாளில் எல்லாருக்குமே முன்னேற்றம், போலிக்கும்தான். ஆனால் மணிக்கட்டு நரம்பில் செய்தி போகும் வேகமும், மூளையில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உரிய இடங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தது விலகி நின்றதும் நிஜ ஊசி போட்டவர்களிடம் மட்டும். ஒப்பீடு சரியாக இருந்தால் கிடைக்கும் பதில் இப்படித்தான் இருக்கும், 'வேலை செய்கிறது', 'செய்யவில்லை' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்காது.

நடைமுறையில் மூன்று விஷயம் மறக்காதீர்கள். ஊசி போடுமுன் 'எவ்வளவு குணமாகும் என்று எதிர்பார்க்கிறீர்கள்' என்று கேட்டு எழுதுங்கள். முடிந்தபின் 'உங்களுக்குப் போட்டது நிஜமா போலியா' என்று கேளுங்கள். அப்புறம், ஊசி போடுகிறவரின் வாயைக் கட்டுங்கள். நிஜ ஊசிக்கு "ஆடா ராசா?" என்று கேட்டுவிட்டுப் போலிக்குக் கேட்காமல் விட்டால் ஆள் கண்டுபிடித்துவிடுவார். இரண்டுக்கும் ஒரே வசனம், ஒரே சிரிப்பு, ஒரே நேரம். எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல், பாதிப் பேர் ஏற்கெனவே சின்சேயிடம் போய்ப் பழகியவர்கள், கனம் வரவில்லை என்றால் "இது ஏறலையே" என்று அடுத்த நிமிடமே சொல்வார்கள். ஊசியே பார்க்காதவர்களைத் தேடினால், அவர்கள் பயப்படுவார்கள், பயமும் அமிக்டலாவில் தெரியும். இரண்டில் எது உங்கள் கேள்வியைக் குறைவாகக் கெடுக்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று எழுதி வையுங்கள்.

படி 4: எந்தக் கருவி?

எஃப்.எம்.ஆர்.ஐ. என்றால் மூளை எங்கே வேலை செய்கிறதோ அங்கே ஆக்சிஜன் ஏறிய ரத்தம் கூடுவதைப் படம் பிடிப்பது. இடம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை தெரியும், நேரம் மந்தம், தூண்டினதற்கு ஐந்தாறு நொடி கழித்துத்தான் உச்சம் வரும். தலையில் மின்முனை ஒட்டும் இ.இ.ஜி. நேர்மாறு, மில்லிநொடி வரை நேரம் தெரியும், இடம் கலங்கல், விலை மலிவு. பெட் ஸ்கேன் எண்டார்ஃபின் ஏற்பி மாதிரி ரசாயனத்தைக் காட்டும், ஆனால் கதிரியக்கப் பொருளை ஏற்ற வேண்டும், மாணவர் புரொஜெக்டுக்கு அது நினைத்தே பார்க்க வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. அறையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், என் பிழைப்பு அதுதான். 3 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தத்தைவிட ஏறக்குறைய 60,000 மடங்கு பலம், ராத்திரி பகல் எப்போதும் உயிரோடு இருக்கும், ஸ்கேன் ஓடாதபோதும் இழுக்கும். கடையில் வாங்கும் எவர்சில்வர் ஊசியை அப்படியே உள்ளே கொண்டுபோகாதீர்கள், சில வகை எவர்சில்வர் காந்தத்துக்கு ஒட்டும். டைட்டானியம், தங்கம் மாதிரி காந்தம் இழுக்காத உலோகத்தில் செய்த ஊசி வேண்டும், அதையும் அறைக்கு வெளியே கைக்காந்தத்தில் சோதித்து, மையத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டபின்தான். மின்சார அக்குபங்சர் என்றால் ஒயர் சூடாகித் தோலைச் சுட்டுவிடும் ஆபத்து இருக்கிறது, அதற்கென்றே செய்த ஒயர் இல்லாவிட்டால் கையால் திருகுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் நம் ஆட்கள். தாலியைக் கழற்றச் சொன்னால் பெரியவர்கள் கலங்கிவிடுவார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காதுதான், ஆனால் கொக்கியில், திருகாணியில் என்ன உலோகம் கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும், சங்கிலி வளையமாக இருந்தால் சூடும் ஏறலாம். நான் முந்தின நாளே போன் பண்ணி, "அம்மா, நாளைக்கு மஞ்சள் கயிறு கட்டிக்கிட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிடுவேன், அழுகை மிச்சம். மெட்டி, இடுப்புக் கயிற்றில் தாயத்து, கொண்டை ஊசி, சரிகை போட்ட ஜாக்கெட், எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'உலோகம் ஏதாவது இருக்கிறதா' என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். தாயத்தை யாரும் உலோகமாக நினைப்பதில்லை.

படி 5: குழாய்க்குள் நடக்க வேண்டியது

ஊசியின் விளைவு எடுத்தவுடன் நின்றுவிடாது. கண் முன்னால் படத்தை மாற்றி மாற்றிக் காட்டும் சோதனையில் 30 நொடி தூண்டல், 30 நொடி ஓய்வு என்று அடுக்கலாம், ஊசிக்கு அது ஒத்துவராது, ஓய்வு என்று நீங்கள் நினைக்கும் நேரத்திலும் மூளை ஊசியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். அதனால் நான் சொல்வது: ஊசிக்கு முன் ஐந்தாறு நிமிடம் சும்மா படுத்திருக்கும் பதிவு, பிறகு ஊசி, இரண்டு நிமிடம் திருகல், சில நிமிடம் விடுதல், மறுபடி இரண்டு நிமிடம், கடைசியில் மறுபடி சும்மா படுத்திருக்கும் நீண்ட பதிவு. முன்னும் பின்னும் எடுத்த ஓய்வுப் பதிவில் மூளைப் பகுதிகளின் ஒத்திசைவு எப்படி மாறியது என்று பார்க்கலாம். நிஜமும் போலியும் வேறு வேறு நாளில், ஒரு வாரமாவது இடைவெளி, யாருக்கு எது முதலில் என்பது குலுக்கலில்.

கோப்பி! காலையில் கோப்பி-ஓ (பால் இல்லாத கோப்பி) இல்லாமல் பசியாறாத ஊர் இது. காஃபின் மூளையின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், ஸ்கேனில் தெரியும் சிக்னலே மாறும். அதோடு அடினோசின் உட்காரும் இடத்தையும் அது அடைத்துக்கொள்ளும், ஊசியின் வழிகளில் ஒன்றாகச் சொல்லப்படும் அதே அடினோசின். சரி, கோப்பியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? தினமும் மூன்று கிளாஸ் குடிப்பவர் ஒரு நாள் விட்டால் தலைவலியோடு வருவார், அது இன்னொரு தொல்லை. எல்லா வருகையிலும் ஒரே அளவு, ஒரே நேரம் என்று வைத்து, எழுதி வைப்பதே நடக்கிற காரியம்.

படி 6: எத்தனை பேர், யாரிடம் அனுமதி

பழைய ஆய்வுகளில் பத்துப் பதினைந்து பேர்தான். அந்த எண்ணிக்கையில் வரும் முடிவு நிலைப்பது அரிது, புள்ளியியல் தெரிந்தவரிடம் முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கேளுங்கள், அவர் சொல்லும் எண் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டினால் கேள்வியை மாற்றுங்கள், எண்ணை மாற்றாதீர்கள்.

மலேசியாவில் பாரம்பரிய, துணை மருத்துவத்துக்கு 2016ல் சட்டம் 775 வந்திருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் 2007லேயே கெப்பாளா பத்தாஸில் முதல் பிரிவு தொடங்கியது, நாள்பட்ட வலிக்கும் பக்கவாதத்துக்குப் பிறகும் அங்கே அக்குபங்சர் கொடுக்கிறார்கள். பதிவு பெற்ற ஒருவர்தான் ஊசி போட வேண்டும். சுகாதார அமைச்சின் இடங்களில் ஆய்வு என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு அதன் சொந்தக் குழு இருக்கும். பாரம் நிரப்பும் வேலையைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை, பொறுமை வேண்டும்.

ஒப்புதல் கடிதம் பற்றி மட்டும் சொல்லத்தான் வேண்டும். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் காலத்திலிருந்து, வெள்ளைச் சட்டை போட்டவர் எதைக் கேட்டாலும் "சரிங்க" என்று சொல்லிப் பழகியவர்கள். அந்த 'சரிங்க' ஒப்புதல் ஆகாது. தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, "நான் என்ன செய்யப்போறேன்னு நீங்க சொல்லுங்கம்மா" என்று திருப்பிக் கேளுங்கள். போலி ஊசி விழும் வாய்ப்பு இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், ஊசியைக் கண்டால் மயங்கி விழுகிறவர்களை விட்டுவிடுங்கள்.

படி 7: கணக்கு போடும்போது ஏமாறாதீர்கள்

2009ல் கிரெய்க் பென்னட் குழு ஒரு சால்மன் மீனை ஸ்கேனரில் படுக்க வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று கேட்டது. மீன் செத்துப்போன மீன். கணக்கில் திருத்தம் செய்யாமல் பார்த்தபோது அதன் மூளையில் ஒரு திட்டு ஒளிர்ந்தது. காரணம் எளிது: மூளைப் படத்தை 1 லட்சம் சின்னக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் தவறை அனுமதித்தாலும், சும்மாவே 100 கட்டம் ஒளிரும். 2016ல் எக்லுண்ட் குழு, எல்லாரும் பயன்படுத்தும் மென்பொருள்களிலேயே சில அமைப்புகளில் தவறான கண்டுபிடிப்பு 5 சதவீதத்துக்குப் பதில் 70 வரை போகலாம் என்று காட்டியது. அதனால் எந்தப் பகுதியைப் பார்க்கப்போகிறீர்கள், எப்படித் திருத்துவீர்கள் என்பதை ஸ்கேன் எடுக்குமுன் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். அப்புறம் மனசு மாறினால் அதையும் சொல்லிவிட்டு மாறுங்கள்.

இதைவிட அடிக்கடி நான் பார்க்கும் தப்பு வேறு. 'நிஜ ஊசியில் மாற்றம் கணிசம் (தற்செயல் என்று தள்ள முடியாத அளவு), போலியில் கணிசம் இல்லை, ஆகவே நிஜம் வேறு' என்று எழுதுவார்கள். பாஸ் மார்க் 50 என்று வையுங்கள். ஒரு பையன் 51, இன்னொருவன் 49. ஒருவன் பாஸ், ஒருவன் ஃபெயில், அதற்காக இரண்டு பேருக்கும் அறிவில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் என்பீர்களா? நிஜத்தையும் போலியையும் நேருக்கு நேர் கழித்துப் பார்த்து, அந்த வித்தியாசம் கணிசமா என்று பார்க்க வேண்டும். இன்சுலா ஒளிர்ந்தால் வலி குறைந்தது என்று எழுதவும் கூடாது. அது சுவைக்கும் ஒளிரும், அருவருப்புக்கும் ஒளிரும், தன் இதயத் துடிப்பைக் கவனித்தாலும் ஒளிரும். தலை அசைவையும் மறக்காதீர்கள், ஊசி இறங்கும்போது எல்லாரும் கொஞ்சம் அசைவார்கள், நிஜத்தில் அதிகம், போலியில் குறைவு, அந்த அசைவே மூளை மாற்றமாக வேஷம் போட்டு வந்து நிற்கும்.

எழுதும்போது ஸ்ட்ரிக்டா என்ற வரையறையைப் பின்பற்றுங்கள், 2010ல் திருத்தியது. எந்தப் புள்ளி, எத்தனை ஊசி, எவ்வளவு ஆழம், எப்படித் திருகினீர்கள், என்ன உணர்வு வந்தது, போட்டவருக்கு என்ன பயிற்சி, போலி எப்படிப்பட்டது, இதெல்லாம் இல்லாமல் 'அக்குபங்சர் கொடுத்தோம்' என்று எழுதினால் 'குழம்பு வைத்தோம்' என்று எழுதின மாதிரிதான்.

படி 8: கையில் ஸ்கேனர் இல்லை என்றால்

தம்பி மகளுக்கு ஸ்கேனர் கிடைக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு மையம் கேட்ட பணத்தைக் கேட்டு அவள் அப்பா சிரித்தேவிட்டான். இ.இ.ஜி. அவள் டிபார்ட்மெண்டிலேயே இருக்கிறது, கண் மூடி ஓய்வில் வரும் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா அலை நிஜ, போலி ஊசிக்கு முன்னும் பின்னும் எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம், மோசமில்லை. ஆனால் நான் அவளிடம் வேறு ஒன்றைச் சொன்னேன்.

அந்தக் கனம், மரமரப்பு உணர்வுக்குச் சீனத்தில் தே-சீ என்று பெயர். அதை அளக்க மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்காரர்கள் ஓர் அளவுகோல் செய்தார்கள், 2007ல் வந்தது, ஒவ்வொரு உணர்வுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பு. அகராதியைப் பார்த்து அதைத் தமிழாக்கி எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் நீட்டினால் ஒன்றும் நடக்காது. நம் ஆட்களுக்கு வலி ஒன்றா இரண்டா? குத்தல் வேறு, குடைச்சல் வேறு, உளைச்சல் வேறு, கடுகடுப்பு வேறு, விண்விண் என்று தெறிப்பது வேறு, சுளீர் என்பது வேறு. ஹூய் ஆய்வில் மூளையின் பதிலையே திருப்பிப் போட்டது கனத்துக்கும் சுளீருக்கும் உள்ள வித்தியாசம்தான், அதைப் பிரித்துச் சொல்ல வார்த்தை இல்லாமல் நாளைக்கு யார் தமிழ் ஆட்களை ஸ்கேனரில் போட்டாலும் பாதி விஷயம் கையை விட்டுப்போய்விடும். எந்தச் சொல் எந்த உணர்வைக் குறிக்கிறது, ஒரே ஆள் இரண்டு தடவை ஒரே மாதிரி சொல்கிறாரா, வெவ்வேறு ஆட்கள் ஒத்துப்போகிறார்களா, இதைப் பார்ப்பதே ஒரு முழு புரொஜெக்ட். பட்டியல், நேர்காணல், திருத்தம், மறுபடி சோதனை. காந்தமும் வேண்டாம், ஒயரும் வேண்டாம்.

போன மாதம் வந்திருந்தபோது நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் சின்சேயிடம் போய்வந்திருந்தார், ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பாட்டி, இந்த உளைச்சல் இருக்குல்ல, பத்துக்கு எத்தனை போடுவீங்க?"

"பத்துக்கெல்லாம் எனக்குத் தெரியாதும்மா" என்றார் அம்மா. "காலையில பெரட்டுக்கு எழும்பிப் போவ முடியுமா, முடியாதா, அதக் கேளு." (பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலை வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது.)

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் 0 முதல் 10 வரை போட்டிருந்த கோட்டை அடித்துவிட்டு, பக்கத்தில் புதிதாக ஒரு கோடு இழுத்தாள்.